ரெண்டு மணி நேரம் பேசினது ஒரு குத்தமாய்யா?

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு பயிற்சி வகுப்பு. 'சுருங்கச் சொல்லி விளங்க வைப்பது எப்படி' என்று தலைப்பு. வந்தவர் கோட்டு சூட்டெல்லாம் மாட்டிக்கொண்டு, சுருங்கச் சொல்வதைப் பற்றி மூணே முக்கால் மணி நேரம் பேசினார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி அந்தக் கதையை எடுத்துவிட்டார் பாருங்கள், எனக்குச் சுர்ர்ரென்று ஏறிவிட்டது.

உங்களுக்கும் தெரிந்த கதைதான். 1863, அமெரிக்க உள்நாட்டுப் போர், கெட்டிஸ்பர்க். இறந்துபோன வீரர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம். திறப்பு விழாவில் யாரோ ஒரு ஆள் ரெண்டு மணி நேரம் வளவளவென்று பேசினாராம், கூட்டம் கொட்டாவி விட்டதாம். அப்புறம் லிங்கன் எழுந்து ரெண்டே நிமிஷம். உலகமே இன்றைக்கும் அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் மனப்பாடம் செய்கிறது. "அந்த ரெண்டு மணி நேர ஆள் பேர் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு வெற்றிப் புன்னகை. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குத் தெரியும் சார். அவர் பேர் எட்வர்ட் எவரெட். கை தூக்கலை. தூக்கியிருந்தால் சாப்பாடு இன்னும் லேட்டாகியிருக்கும். வீட்டுக்கு வந்து இங்கே கொட்டுகிறேன்.

என் கோபம் அந்த மனுஷனைக் கிண்டல் பண்ணுகிறார்களே என்பதில் இல்லை. தப்பான விஷயத்துக்குக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்பதில்தான். எவரெட் மேல் ஒரு வழக்கு இருக்கிறது, நல்ல கனமான வழக்கு. அதை விட்டுவிட்டு 'நீளமாப் பேசிட்டார்'னு ஒரு பெட்டிக் கேஸைப் போட்டு, நூத்தி அறுபது வருஷமா அந்த ஆளைத் தப்பிக்க விட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பெட்டிக் கேஸை முடித்துவிடுவோம். அன்றைய முக்கியப் பேச்சாளரே எவரெட்தான். விழாக்காரர்கள் முதலில் குறித்த தேதி அக்டோபர் 23. 'அதுக்குள்ள தயாராக முடியாது' என்று எவரெட் சொன்னதால்தான் நவம்பர் 19க்கு மாறியது. லிங்கனுக்கு முறையான அழைப்பே நவம்பர் 2ஆம் தேதிதான் போனது, அதுவும் 'பொருத்தமா ஒரு நாலு வார்த்தை' சொல்லச் சொல்லி. கல்யாணத்தில் கச்சேரிக்கு ஒரு வித்வானைக் கூப்பிட்டுவிட்டு, வாழ்த்துரைக்கு வந்த பெரிய மனுஷரோடு ஒப்பிட்டு 'இவர் ரொம்ப நேரம் பாடிட்டார்'னு சொல்வீர்களா? அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரிய விழாச் சொற்பொழிவு என்றால் ரெண்டு மணி நேரம் சாதாரணம். வந்தவர்கள் அதற்குத்தான் வந்தார்கள். எவரெட்டுக்கு வயசு 69, உடம்பும் சரியில்லை. சில நாள் முன்னாடியே போய் போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பதிமூணாயிரத்துச் சொச்சம் வார்த்தைகளை மனப்பாடமாகப் பேசினார். பழைய ஏதென்ஸில் போரில் செத்தவர்களை எப்படி அடக்கம் செய்தார்கள் என்பதில் ஆரம்பித்து, ஜூலை முதல் மூணு தேதிகளில் நடந்த சண்டையை நாள் வாரியாகச் சொல்லி, பிரிந்து போகத் தென் மாநிலங்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று வாதாடி முடித்தார்.

மறுநாள் எவரெட் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் ரெண்டு நிமிஷத்தில் தொட்ட மையக் கருத்தை ரெண்டு மணி நேரத்தில் நான் நெருங்கியிருந்தாலே சந்தோஷப்படுவேன் என்கிற அர்த்தத்தில். இதை எல்லாப் பயிற்சிக்காரர்களும் சொல்லுவார்கள். லிங்கன் அன்றைக்கே போட்ட பதிலை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நேற்று அவரவர் பங்கில், நீங்கள் சுருக்கமாகப் பேசியிருந்தாலும் மன்னிப்பு கிடையாது, நான் நீளமாகப் பேசியிருந்தாலும் மன்னிப்பு கிடையாது என்று எழுதினார் லிங்கன். அதோடு நிற்காமல், எவரெட்டின் பேச்சில் தனக்குப் புதிதாகப் பட்ட வாதம் எது என்றும் குறிப்பிட்டார். மத்திய அரசு என்பது மாநிலங்கள் வைத்த ஏஜென்ட் மட்டும்தான் என்கிற கொள்கைக்கு எதிராக எவரெட் வைத்த வாதம் அது. ஆக, லிங்கனே கொட்டாவி விடவில்லை. அந்தக் கேஸ் தள்ளுபடி.

இப்ப உண்மையான வழக்குக்கு வருவோம்.

எவரெட் 1794ல் பாஸ்டனை ஒட்டிய டார்செஸ்டரில் பிறந்தவர். அப்பாவும் போதகராக இருந்தவர். பிள்ளை 17 வயசில் ஹார்வர்டில் முதல் மாணவனாகத் தேறி, இறையியல் படித்து, 1814ல், 19 வயசிலேயே பாஸ்டனின் பிராட்டில் தெரு தேவாலயத்துக்குப் போதகர் ஆகிவிட்டார். சின்னச் சபை இல்லை, நகரத்துப் பெரிய மனுஷர்கள் வந்து உட்காரும் யூனிடேரியன் சபை. மீசை அரும்புகிற வயசில் அவர்கள் முன்னால் நின்று பிரசங்கம் பண்ணுவது என்றால் யோசித்துப் பாருங்கள். அதே வருஷம் கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒருத்தர் எழுதியதற்குப் பதிலாக ஒரு தடித்த புத்தகம் வேறு எழுதினார். ஒரு வருஷம் சொச்சம்தான். ஹார்வர்டு கிரேக்கப் பேராசிரியர் வேலை கொடுத்து, சம்பளத்தோடு ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1817ல் டாக்டர் பட்டம், அங்கே அதை வாங்கிய முதல் அமெரிக்கர். திரும்பி வந்து வகுப்பெடுத்தார். எமர்சன் அவர் மாணவர், மயங்கிப்போய்க் கேட்டவர். 1824ல் பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட் முன்னிலையில் ஒரு சொற்பொழிவு, ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. அதே ஆண்டு தேர்தலில் நின்று பிரதிநிதிகள் சபைக்குப் போய்விட்டார். குரல், மொழி, படிப்பு எல்லாம் இருந்தது. பைபிள் தலைகீழ்ப் பாடம்.

1826 மார்ச் 9. சபையில் விவாதம் ஜனாதிபதியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்கிற அரசியல் சட்டத் திருத்தம் பற்றி. அடிமை முறை அன்றைய தலைப்பே இல்லை. கவனியுங்கள், யாரும் கேட்கவில்லை. எவரெட்டின் முதல் பெரிய சபைப் பேச்சு அது. நடுவில் தானாக வலிய வந்து அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கினார். அது ஒழுக்கத்துக்கோ மதத்துக்கோ விரோதமான உறவு இல்லை என்றார். அடிமைகள் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றுதானே புதிய ஏற்பாட்டில் இருக்கிறது என்று ஆதாரம் காட்டினார். கடைசியாக, நான் போர்வீரன் இல்லை, ஆனால் தெற்கே அடிமைகள் கலகம் செய்தால் அதை அடக்கத்தான் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, தோளில் துப்பாக்கி தூக்கிக் கிளம்புவேன் என்றார்.

சொன்னது யார்? தெற்கத்திப் பண்ணையாரா? அடிமை முறையைச் சட்டப்படி எப்பவோ ஒழித்துவிட்ட மாசசூசெட்ஸின் உறுப்பினர். பிரசங்க பீடத்தில் நின்ற ஆள்.

'அந்தக் காலம் அப்படி'ன்னு ஒரு குரல் வரும், தெரியும். அந்தக் காலத்து ஆளே என்ன சொன்னார் என்று கேளுங்கள். வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப், நூற்றுக்கணக்கில் அடிமைகளை வைத்திருந்தவர். அவரே, வடக்கிலிருந்து வந்து அடிமை முறையைக் கொள்கை ரீதியாக ஆதரிக்கிற ஒரு மனுஷனின் மூளையைப் பார்த்தும் எனக்குப் பொறாமை இல்லை, இதயத்தைப் பார்த்தும் பொறாமை இல்லை என்றார். அடிமைச் சொந்தக்காரனே முகம் சுளித்தான் என்றால் அப்புறம் எந்தக் காலத்து அளவுகோலைக் கொண்டு வருவீர்கள்? (இந்த ராண்டால்ஃப் 1833ல் சாகும்போது உயிலில் தன் அடிமைகளை விடுதலை செய்துவிட்டுப் போனார். அது தனிக் கதை, இன்னொரு நாள்.)

சரி, மனசாட்சியே இல்லாத ஆளா எவரெட்? அதுதான் இல்லை. இங்கேதான் எனக்கு அவர் மேல் கோபம் இன்னும் அதிகமாகிறது. 1830ல் ஜார்ஜியா பக்கத்துச் செரோக்கி முதலான பழங்குடி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து விரட்ட ஜனாதிபதி ஜாக்சன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். எவரெட் அதை எதிர்த்து முழங்கினார். ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, கொடுத்த வாக்கை ஒரு தேசம் மீறலாமா என்று கேட்டார். சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்று மயிரிழையில்தான் தேறியது. ஆக அநியாயம் எது என்று கண்டுபிடிக்கத் தெரியும், அதற்காக மூச்சுமுட்டப் பேசவும் தெரியும். செரோக்கிகளுக்காகப் பேசினால் பாஸ்டனில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அடிமைகளுக்காகப் பேசினால்? மாசசூசெட்ஸின் ஆலைகள் ஓடினதே தெற்கத்திப் பருத்தியில். என் ஊகம்தான், ஆனால் எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. மாமனார் பீட்டர் சார்டன் புரூக்ஸ் வேறு பாஸ்டனிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருத்தர்.

1836ல் மாசசூசெட்ஸ் கவர்னர் ஆனார். சில மாசம் முன்னாடிதான், 1835 அக்டோபரில், வில்லியம் லாய்ட் காரிசன் என்கிற அடிமை ஒழிப்புப் பத்திரிகைக்காரரைப் பாஸ்டன் தெருவில் ஒரு கும்பல் கயிற்றைக் கட்டி இழுத்துப்போனது. தென் மாநிலங்கள் எல்லாம் 'இந்தப் பசங்க வாயை அடைங்க' என்று வடக்குக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தன. புதுக் கவர்னர் பதவியேற்றுப் பேசிய உரையில் கும்பலைக் கண்டிப்பார் என்று எதிர்பார்ப்போம். அவர் சொன்னது என்ன? தேசப்பற்று உள்ளவர்கள் இந்த விவாதத்தையே தவிர்க்க வேண்டும், அடிமைக் கலகத்தைத் தூண்டக்கூடிய செயல்களைப் பொதுச் சட்டப்படி குற்றமாக வழக்குப் போடலாம். அதாவது அடி வாங்கினவன் மேல் கேஸ்.

கவர்னராக நல்லதும் செய்தார், மறைக்க மாட்டேன். 1837ல் மாநிலக் கல்வி வாரியம் அவர் காலத்தில்தான் வந்தது, ஹொரேஸ் மான் அதன் முதல் செயலர். 1839ல் லெக்சிங்டனில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். தேர்தலில் தோற்ற கதையும் சுவாரசியம். 15 காலனுக்குக் குறைந்து சாராயம் விற்கக் கூடாது என்று ஒரு சட்டம். பீப்பாயாக வாங்குகிற பணக்காரனுக்குக் கவலை இல்லை, ஒரு கிளாஸ் வாங்குகிற கூலிக்காரனுக்குத்தான் ஆப்பு. 1839 தேர்தலில் எதிரே நின்ற மார்கஸ் மார்ட்டன் 1,02,066 ஓட்டில் 51,034 வாங்கினார். பெரும்பான்மைக்குத் தேவையானதும் சரியாக அதே 51,034தான். ஒரு ஓட்டு. எவரெட் வழக்கு வம்பு என்று போகாமல் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பண்புக்கு ஒரு சலாம்.

அப்புறம் லண்டனில் தூதர், ஹார்வர்டின் தலைவர் என்று பதவிகள். எல்லாவற்றையும் சொன்னால் நானும் ரெண்டு மணி நேரம் ஆக்கிவிடுவேன். ஹார்வர்டில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெவர்லி வில்லியம்ஸ் என்று ஒரு கறுப்பின மாணவன் நுழைவுத் தேர்வுக்குத் தயாரானான். எதிர்ப்பு கிளம்பியது. தேறினால் சேர்ப்பேன், அதனால் வெள்ளை மாணவர்கள் எல்லாரும் வெளியேறினால் கல்லூரியின் மொத்த வருமானமும் இவன் ஒருத்தன் படிப்புக்கே செலவாகும் என்றார் எவரெட். படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. 1847ல், சேருவதற்கு முன்பே, அந்தப் பையன் நோயில் இறந்துபோனான்.

பாருங்கள், முதுகெலும்பு இருந்திருக்கிறது. தேவைப்பட்ட இடத்தில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

தேவைப்பட்ட இடம் 1854. டேனியல் வெப்ஸ்டர் 1852ல் இறந்ததும் கொஞ்ச நாள் வெளியுறவு அமைச்சராக இருந்துவிட்டு, 1853ல் செனட்டர் ஆனார். ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்தது கேன்சஸ்-நெப்ராஸ்கா மசோதா. வடக்கே அடிமை முறை பரவக் கூடாது என்று 1820ல் போட்ட கோட்டை அழித்துவிட்டு, அந்தந்தப் பிரதேசத்துக் குடியேறிகளே முடிவு பண்ணட்டும் என்றது அது. எவரெட் பிப்ரவரியில் எதிர்த்துப் பேசினார், பூப்போல. மார்ச் 3 இரவெல்லாம் விவாதம் நடந்து விடியற்காலை ஓட்டெடுப்பு. 37க்கு 14. அந்தப் பதினாலில் எவரெட் இல்லை! உடம்பு சரியில்லை என்று நடுவிலேயே எழுந்து போய்விட்டார். உடம்பு நிஜமாகவே சரியில்லாமல்தான் இருந்தது, நம்புகிறேன். அவர் ஒரு ஓட்டால் ஒன்றும் மாறியிருக்காது, அதுவும் சரி. ஆனால் அந்த ஒரு ராத்திரிக்காகத்தானே மாசசூசெட்ஸ் அவரை அங்கே அனுப்பியது?

இதைவிடக் கொடுமை பத்து நாள் கழித்து. நியூ இங்கிலாந்தின் போதகர்கள் 3,050 பேர் கடவுள் பேரால் மசோதாவைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்ட மனு. காகிதத்தை ஒட்டினால் 200 அடி நீளமாம். மார்ச் 14 அன்று அதை செனட்டில் வைக்க வேண்டிய பொறுப்பு யார் கையில் வந்தது? முன்னாள் போதகர் எவரெட் கையில். ஒரு எழுத்தாளன் கற்பனை பண்ணினால்கூட இவ்வளவு பொருத்தமாக அமையாது. டக்ளஸ் எகிறினார். போதகர்கள் பிரசங்க பீடத்தைக் களங்கப்படுத்துகிறார்கள், அரசியலில் உங்களுக்கென்ன வேலை என்று. பீடத்திலிருந்து இறங்கி வந்து முப்பது வருஷமாக அரசியல் பண்ணிக்கொண்டிருக்கும் மனுஷர் எதிரே நிற்கிறார். நாட்டிலேயே சிறந்த நாக்கு. ரெண்டு மணி நேரம் பேசியிருக்க வேண்டிய நாள் அதுதான் சார்! எவரெட் மென்று விழுங்கி, மனு கொடுத்தவர்கள் மரியாதைக்குரியவர்கள், அவமதிக்கும் நோக்கம் இல்லை என்கிற ரீதியில் சமாதானம் பேசி உட்கார்ந்துவிட்டார். ஜூன் மாதம் செனட்டர் பதவியையே விட்டுவிட்டுப் போனார்.

இதே காலத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டவர்களும் இருந்தார்கள் என்பதால்தான் சொல்கிறேன். ஜான் குவின்சி ஆடம்ஸ், முன்னாள் ஜனாதிபதி, எவரெட்டுக்குச் சம்பந்தி வழி உறவு (ஆடம்ஸின் மகனும் எவரெட்டும் சகலை). அடிமை ஒழிப்பு மனுக்களை சபையில் எடுக்கவே கூடாது என்ற வாய்ப்பூட்டு விதியை எதிர்த்துக் கிழவர் 1836லிருந்து 1844 வரை ஒத்தையாள் மாதிரி மல்லுக்கட்டி ரத்து செய்ய வைத்தார். இல்லினாயின் ஓவன் லவ்ஜாய் என்கிற போதகர். அவர் அண்ணன் எலைஜாவை 1837ல் ஆல்டன் நகரில் ஒரு கும்பல் அச்சு இயந்திரத்துக்காகச் சுட்டுக் கொன்றது. லவ்ஜாய் 1857ல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். தப்பி வரும் அடிமைகளுக்கு நான் உதவுகிறேன், முடிந்ததைப் பாருங்கள் என்று சபையிலேயே சொன்னார். இவரும் பைபிளோடு வந்தவர்தான். பைபிள் ஒன்றுதான், கை வேற.

எவரெட் பதவியை விட்டுவிட்டு என்ன செய்தார்? ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி ஒரே சொற்பொழிவை 1856லிருந்து 1860 வரை ஊர் ஊராக நூறு தடவைக்கு மேல் பேசினார். வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீட்டை வாங்கப் பெண்கள் சங்கம் ஒன்று பணம் திரட்டியது. அதற்குச் சுமார் 69,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார். வீடு இன்றும் நிற்கிறது, நல்ல காரியம். ஆனால் வாஷிங்டன் பேரைச் சொன்னால் வடக்கும் தெற்கும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தாரே, அதைத்தான் என்ன சொல்ல. 1860ல் ஜான் பெல்லுடன் சேர்ந்து துணை ஜனாதிபதி வேட்பாளர். அவர்கள் கட்சியின் கொள்கை: அரசியல் சட்டம், ஒன்றியம், சட்ட அமலாக்கம். அடிமை முறை பற்றி? கப்சிப். நாடே அந்த ஒரு கேள்வியில் பற்றி எரியும்போது அந்தக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த கட்சி. மூணு மாநிலம் கிடைத்தது. அதில் ரெண்டு, வர்ஜீனியாவும் டென்னஸியும், அடுத்த வருஷமே பிரிந்துபோயின.

போர் வெடித்த பிறகுதான் ஆள் மாறினார். நிஜமாகவே மாறினார். லிங்கன் அரசுக்காக வடக்கு முழுக்கப் பேசினார், 1864 தேர்தலில் லிங்கனுக்கு ஓட்டுப் போடும் தேர்வாளர்களில் ஒருத்தராக இருந்தார். கெட்டிஸ்பர்க் பேச்சு இந்த மாறின எவரெட் பேசியது, அவர் வாழ்க்கையில் ஒளிந்துகொள்ளாமல் பேசின பேச்சுகளில் ஒன்று. அதைப் போய்க் கிண்டல் பண்ணுகிறோம். 1826 மார்ச் 9ஐ ஒருத்தரும் தொடுவதில்லை.

1865 ஜனவரி 9. ஷெர்மன் படை பிடித்த தெற்கத்தி நகரம் சவானா, அங்கே மக்கள் பட்டினி. எதிரி ஊர்தான், ஆனாலும் சாப்பாடு அனுப்புவோம் என்று பாஸ்டன் ஃபேனல் ஹாலில் பேசிவிட்டு வந்தார். சளி பிடித்தது. 15ஆம் தேதி காலமானார். அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தம் பிரதிநிதிகள் சபையில் தேறியது அதே மாசம் 31ஆம் தேதி.

பி.கு: லிங்கன் ரயிலில் போகும்போது ஒரு பழைய கவரின் பின்னால் அந்தப் பேச்சை எழுதினார் என்று பயிற்சிக்காரர் இன்னொன்றும் அளந்தார். அதுவும் கதைதான். லிங்கன் கைப்பட எழுதிய ஐந்து பிரதிகள் இன்றும் இருக்கின்றன, கவர் ஒன்றும் இல்லை. அந்த ஐந்தில் ஒன்று, போரில் காயம்பட்டவர்களுக்கு நிதி திரட்ட 1864ல் ஒருத்தர் லிங்கனிடம் கேட்டு வாங்கியது. கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த ரெண்டு மணி நேர ஆள்தான்.